பல்லில் கடித்த நூல்

நூல்கண்டிலிருந்து கைநீளத்துக்கு உருவிப் பல்லால் கடித்து அறுத்த மாத்திரத்தில் பெர்னதெத்துக்கு அந்த ஸ்பானிஷ் வாக்கியம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நோ கியேரோ லஸ்திமார்தே. உன்னை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. வந்ததும் வந்தது, அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற பெண் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள், காதும் நன்றாகக் கேட்கும், பார்லரில் வேறு ஆளும் இல்லை. ஆனால் பெர்னதெத் எதையும் அதனதன் நேரத்தில் செய்கிறவள். முதல் இழுப்பில் இந்தப் பெண் துள்ளுவாள், துள்ளாதவர்கள் யார் இருக்கிறார்கள், அந்த நேரம் பார்த்துக் குனிந்து காதோரம் மெதுவாகச் சொன்னால்தான் அந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு என்று அவள் வாரக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இப்போது அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வானேன். பவுடரைத் தொட்டுப் பெண்ணின் புருவத்தில் பூசினாள். என்ன புருவம். மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்க்கும்படியான புருவம். கறுத்து, அடர்ந்து, வால்பக்கம் லேசாக மேலே ஏறி, இந்தத் தூத்துக்குடியில் எத்தனை கல்யாணப் பெண்களுக்கு மை தீட்டி மை தீட்டி இப்படி ஒன்றை வரவழைக்கப் பாடுபட்டிருப்பாள். இவளுக்கு ஆண்டவர் சும்மா கொடுத்திருக்கிறார். பொறாமைகூட வரவில்லை, தொழில்காரியின் சந்தோஷந்தான் வந்தது. அந்தச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வந்தது. நாளை மறுநாள் மாதா கோயிலில் கல்யாணம். மயிர் ஒன்று கூடுதலாகப் போனால் போனதுதான், இரண்டு நாளில் முளைக்காது, கல்யாண ஆல்பத்தில் ஆயுசுக்கும் நிற்கும்.

பெண்ணின் பெயர் ஹிமேனா. மெக்சிகோவில் வெராகுருஸ் என்கிற துறைமுகத்து ஊர்க்காரி, அங்கே ஒரு கப்பல் ஏஜென்டு ஆபீசில் வேலை. பெர்னதெத்தின் மகன் ரோஷன் சரக்குக் கப்பலில் என்ஜினீயராகப் போய் அந்த ஊரில் இறங்கினான், கையெழுத்து வாங்கப் போனவன் மனசைக் கொடுத்துவிட்டு வந்தான், அவ்வளவுதான் கதை. பெண்ணைப் பெற்றவர்கள் நாளைக் காலையில் வந்து இறங்குகிறார்கள். இன்றைக்கு மத்தியானம் பெண்ணைப் பார்லரில் கொண்டுவந்து விட்ட ரோஷனை, கூப்பிடுகிற வரைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று பெர்னதெத் விரட்டிவிட்டாள். அவன் நடுவில் உட்கார்ந்தால் இவள் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவளுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பான். அவன் சொல்கிறபோது எல்லாம் இனிப்பாகிவிடுகிறது. வந்த அன்று ராத்திரி குழம்பில் உப்பு கூடிப்போய்விட்டது, அந்தப் பெண் ஒரு வாய் வைத்துவிட்டு எதையோ நீளமாகச் சொன்னாள், இவன் உடனே, சாப்பாடு பிரமாதம்னு சொல்லுதாம்மா என்றான். பிரமாதம் என்று சொல்ல அவ்வளவு வார்த்தை வேண்டுமா. ஏற்கெனவே நினைத்து வைத்திருந்ததை அன்றைக்கு உறுதி செய்துகொண்டாள், இந்தப் பெண்ணோடு மகன் இல்லாமல் ஒரு வார்த்தையாவது தானாகப் பேசிவிட வேண்டும் என்று. மகனின் மூலமாகக் கிடைக்கிற மருமகள் மகன் போனால் போய்விடுவாள். அவனோ போகப்போகிறான். அதை இப்போது நினைக்க வேண்டாம். முதலில் இடது புருவம்.

அவள் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை இடது கையில் சுற்றி, நடுவில் முறுக்கி வலது கை விரல்களில் விரித்தாள். ஆறு மாதமாக ஸ்பானிஷ் படிக்கிறாள். போனில்தான். கஸ்டமர் முகத்தில் மாவுப்பூச்சு காய்கிற நேரத்தில், பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில், சோறு வேகிற நேரத்தில். போன் கற்றுக்கொடுக்கிற வாக்கியங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். என் மாமாவின் குதிரை ஆப்பிள் தின்கிறது. எந்த மாமா, எந்தக் குதிரை. ஆனால் மேசைக்கு மேசா என்று ஒருநாள் அந்தப் போன் சொன்னபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது, அட, நம்ம மேசையல்லவா இது, போர்த்துக்கீசியன் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன மேசை அந்தக் கடலுக்கு அப்பாலும் கிடக்கிறதே என்று. அன்றைக்கு வீட்டு மேசையை ஈரத்துணி போட்டு இரண்டு தடவை துடைத்தாள். புருஷன் சேவியர் ஈஸிசேரில் கிடந்தபடியே, "என்னடி தனியா முணுமுணுக்க, சிலோன் ரேடியோ பிடிக்கியா" என்று கேட்டான். பிடிக்கத்தான் செய்யுதேன், உமக்கென்ன என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பாஷை படிக்கிற சுகத்தை வீணாக மற்றவர்களுக்குப் பங்கு வைப்பானேன்.

இந்த வாக்கியத்தைப் போன் கற்றுக்கொடுக்கவில்லை, மகனிடம் கேட்டு வாங்கினாள். நான் உன்னை நோகடிக்க மாட்டேன் என்பதற்கு அந்த ஊரில் எப்படிடா சொல்வார்கள் என்று. எதுக்கும்மா என்றான். கஸ்டமருக்குல என்றாள். "நம்ம ஊர்ல எந்த கஸ்டமர்மா ஸ்பானிஷ் பேசுதாவ" என்று சிரித்துவிட்டு, அம்மாவின் காரியம் புரிந்தோ புரியாமலோ, தன் குரலில் பேசி அனுப்பினான். நோ கியேரோ லஸ்திமார்தே. அந்தக் கடைசி வார்த்தை அவளுக்குப் பிடித்துப்போனது. நோகடிப்பது என்கிற வினையின் வாலில் உன்னை என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது, இடுப்பில் தொற்றிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிற பிள்ளை மாதிரி. நாம் உன்னை என்பதை முன்னால் தனியாக நிறுத்திவிட்டு அப்புறந்தான் நோகடிக்கிறோம். இவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கிறது. அடிக்கிற கையிலேயே அடி வாங்குகிறவளும் இருக்கிறாள். யோசித்தால் சரிதானே, தூரத்தில் இருக்கிறவளை யார் நோகடிக்க முடியும், ஒட்டியிருக்கிறவளைத்தான் முடியும். லஸ்திமார்தே, லஸ்திமார்தே என்று பாத்திரம் கழுவும்போது சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அப்புறம் ஒருநாள் போன் கியேரோ என்பதைக் கற்றுக்கொடுத்தது. எனக்குத் தண்ணீர் வேண்டும், எனக்குக் காபி வேண்டும், கியேரோ, கியேரோ. அப்படியானால் மகன் அனுப்பியது மாட்டேன் இல்லை. எனக்கு வேண்டாம். எனக்கு ஆசையில்லை. அங்கே மாட்டிக்கொண்டவள்தான், இன்னும் மீளவில்லை. மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியும். கையைக் கட்டுப்படுத்துகிறவள் அவள், இத்தனை வருடத்தில் ஒருத்தி இமையில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆசையில்லை என்று எப்படிச் சொல்வது. ஆசை அவள் பேச்சைக் கேட்டா நடக்கிறது.

முதல் இழுப்பு. பெண் துள்ளினாள். அழகான துள்ளல், மூக்கு சுருங்கி, கால் கட்டைவிரல் இரண்டும் மேலே எழும்பி. இதோ நேரம் வந்துவிட்டது என்று பெர்னதெத் குனிந்தாள், வாயைத் திறக்கப் போனாள், பல்லில் நூல். வாயைத் திறந்தால் நூல் விழும். நூல் விழுந்தால் முறுக்கு பிரியும், பிரிகிற நூல் கிடைத்த மயிரைப் பிடுங்கிக்கொண்டு போகும். இருபத்து மூன்று வருடமாக இந்தப் பல்லுக்கும் இந்த நூலுக்கும் பழக்கம், நூலைக் கடித்துக்கொண்டு இன்றுவரை ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை, பேச முடியாது, அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பேசிப் பேசித்தான் ஒத்திகை பார்த்தாளே தவிர, பேசும்போது வாய் எங்கே இருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. இதைச் சேவியரிடம் சொன்னால் கல்யாணப் பந்தியில் வைத்து ஊருக்கே சொல்லிச் சிரிப்பான். அவளுக்கே மூக்கு வழியாகச் சிரிப்பு வந்தது. அதைக் கேட்டுப் பெண் ஒரு கண்ணைத் திறந்து பார்த்து, என்னவென்று தெரியாமலே தானும் சிரித்தாள். பெர்னதெத் முறுக்கைப் பிரித்து நூலைப் பல்லிலேயே தொங்கவிட்டு, பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, கண்ணை மூடச் சாடை காட்டி, அவள் விரல்களை எடுத்து ஒன்றைப் புருவத்துக்கு மேலேயும் ஒன்றை இமையிலும் வைத்து, இப்படி இழுத்துப் பிடித்துக்கொள் என்று காட்டினாள். அதற்கு ஸ்பானிஷ் வேண்டியிருக்கவில்லை. பெண் கெட்டிக்காரி, சரியாகப் பிடித்தாள். தோல் விறைப்பாக நின்றால் நோவு பாதிதான். பெண் முன்னாலேயே விரலால் கொஞ்சூண்டு என்று காட்டி, போகித்தோ, போகித்தோ என்றிருந்தாள். சரி, கொஞ்சூண்டுதான். ஓரத்தில் சிதறிக் கிடக்கிறதை மட்டும். நூல் ர்ர், ர்ர் என்று ஓடியது. கை தன்பாட்டுக்குப் போக ஆரம்பித்தது. கை தன்பாட்டுக்குப் போனால் மனசும் தன்பாட்டுக்குப் போகும்.

கப்பல்காரனைப் பெற்றவளுக்கு மாசக் கணக்கு உண்டு. ஒன்பது மாசம் கடல், மூன்று மாசம் வீடு. அந்த ஒன்பதையும் அவள் மூன்றுக்காகவே கழிப்பாள். சேவியர் சரக்குத் தோணியில் போன காலத்தில் அப்படித்தான் கழித்தாள், மகன் கப்பலுக்குப் போன பிறகும் அப்படித்தான். மூன்று மாசத்தில் என்ன நடக்கும் என்றால் ஒன்றும் நடக்காது. அவன் காலை பத்து மணி வரை தூங்குவான், இவள் பார்லருக்குக் கிளம்பும்போது கதவைத் திறந்து ஒரு தடவை பார்ப்பாள், ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்கும். அந்தக் கால்தான் வேண்டும். சாயங்காலம் திரும்பும்போது மக்ரூன் வாங்கிக்கொண்டு வருவாள், அவன் பொட்டலத்தோடு பறித்துக்கொண்டு போவான். இனி அது இல்லை. வந்த மறுநாளே சொல்லிவிட்டான், கப்பல் வேலையை விட்டுவிட்டேன், வெராகுருஸிலேயே கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, நிரந்தரம் என்று. நல்ல வேலை, நல்ல சம்பளம், பெண்டாட்டியோடு ஒரே இடத்தில் இருக்கலாம். சேவியர் தோளில் தட்டிக்கொடுத்தான். கடல்ல கிடந்து சாகாம கரையில இருக்கட்டும் என்றான். நியாயம். அவளும் நல்லதுப்பா என்றாள். வேறு என்ன சொல்வது, நல்லதுதானே. அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தாள். சமைக்கும்போது ஒன்று செய்தாள். இந்தப் பெண் அடுப்படியில் வந்து நின்று ஏதாவது உதவட்டுமா என்கிற மாதிரி கையை விரித்தாள். பெர்னதெத் மகனிடம் திரும்பி, தமிழில் வேகவேகமாக, இடைவெளியே விடாமல், பக்கத்து வீட்டு விசேஷத்தையும் சித்தப்பா வீட்டுச் சண்டையையும் பேசிக்கொண்டே போனாள். அந்தப் பெண் ஒரு வார்த்தையைக்கூடப் பிடித்துக்கொள்ள முடியாதபடி. பெண்ணின் சிரிப்பு கொஞ்சங் கொஞ்சமாக வற்றி, அவள் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். அதைப் பார்த்தபோது பெர்னதெத்தின் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி பரவியது. பரவத்தான் செய்தது, இல்லையென்று யாரிடம் சொல்ல. ஆகவேதான் கியேரோ தொண்டையில் நிற்கிறது. ஆசையில்லை என்று இந்தப் பெண்ணின் காதில் போய்ச் சொன்னால், தினம் செபமாலை சொல்கிற வாயால் சொல்கிற பொய்யாகிவிடும்.

ர்ர், ர்ர். இடது புருவம் முடிந்தது. நூலைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். தன் கைவேலையைத் தானே மெச்சக்கூடாது என்பார்கள், ஆனால் பார்த்துத்தான் ஆக வேண்டும். புருவத்தில் கை வைத்த சுவடே இல்லை, ஆனால் முகம் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டது போல் இருந்தது. இப்போது வாய் சும்மா இருந்தது. சொல்லலாம். சொல்லவில்லை. பெண்ணுக்குத் தும்மல் வந்தது, அதுவும் எல்லாருக்கும் வருவதுதான், ஒன்று, இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தோளைக் குலுக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிற மாதிரி பார்த்தாள். பெர்னதெத் டிஷ்யூவை நீட்டினாள். கடற்காற்று கதவுத் திரையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்க் கடையில் யாரோ ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள். நல்ல மத்தியானம். எல்லாம் நல்லதாகத்தான் இருக்கிறது, பெண் நல்லவள், மகன் சுகமாக இருக்கப்போகிறான், கடை நடக்கிறது, முட்டி மட்டுந்தான் வலிக்கிறது, அதற்கு மாத்திரை இருக்கிறது. புது நூல் உருவினாள். கடித்தாள். வலது புருவம்.

இமைக்கு மேலே வருகிற இடம்தான் மெல்லிய இடம், யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும். பெண்ணுக்கும் வந்தது, காதை நோக்கி ஓடியது. பெர்னதெத் கண்டுகொள்ளவில்லை. கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டால் இந்தத் தொழில் நடக்காது. கீழ்ப்பக்கம் முடித்து நெற்றிப் பக்கம் போனாள். நெற்றிப் பக்கம் அவ்வளவு நோகாது, அங்கே தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. பெர்னதெத் இழுப்பதை மெதுவாக்கினாள். தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அடுத்த கண்ணிலும் வந்தது. முடித்துவிட்ட கண்ணில் எதற்குத் தண்ணீர் வர வேண்டும். அவள் கை நின்றது. பெண் கண்ணைத் திறக்காமல், தோலை இழுத்துப் பிடித்தபடியே, உதட்டை இரண்டு தடவை அசைத்துப் பார்த்துவிட்டுப் பேசினாள். தமிழில். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, தூத்துக்குடித் தமிழில்.

"மாமி. ரோஷன் அங்க. மாமி இங்க." கொஞ்சம் நிறுத்தி, அடுத்த வார்த்தையைத் தேடினாள். "மாமிக்குக் கோவமா?"

பெர்னதெத் அப்படியே நின்றாள். பல்லில் நூல், கையில் நூல், நடுவில் முறுக்கு. மகனைப் பெற்ற வீட்டில், புருஷன் கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, நாத்தனார்கள், பங்குச் சாமியார், மண்டபத்துக்கு முன்பணம் வாங்க வந்தவன், ஒருவரும் கேட்கவில்லை. நல்ல வேலை என்றார்கள். நல்ல இடம் என்றார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க இத்தனை கடல் தாண்டி ஒருத்தி வர வேண்டியிருந்தது, அதுவும் கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு. மூக்கு நுனி சுட்டது. இல்லம்மா, கோவமெல்லாம் இல்லை என்று தலையாட்டிவிட்டு மீதி மயிரை எடுக்கலாம். அப்படித்தான் எல்லாரும் செய்வார்கள், இவளும் எல்லாரிடமும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள். ஒத்திகை பார்த்த வாக்கியமும் இருக்கிறது, கச்சிதமாக, மகன் குரலிலேயே. எடுத்து நீட்டினால் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தோஷப்படுவாள். அது மகன் கொடுத்த வாக்கியம். இவளுடையது இல்லை. அவள் முறுக்கைப் பிரித்து, வாயைத் திறந்து நூலை விட்டாள். அது பெண்ணின் தோளில் விழுந்தது.

"கோவமில்ல மக்ளே," என்றாள். குரல் சரியாக வரவில்லை, நூலைக் கடித்திருந்த இடம் உதட்டில் பள்ளமாக இருந்தது. "நோவுது."

பெண் கண்ணைத் திறந்தாள். கோபம் என்பதைக் கற்றுக்கொண்டு வந்தவளுக்கு இந்த வார்த்தை தெரியவில்லை. நெற்றி சுருங்கியது. பெர்னதெத் தனக்குத் தெரிந்த ஸ்பானிஷ் எல்லாவற்றையும், குதிரை, ஆப்பிள், மேசை, காபி எல்லாவற்றையும் உள்ளே கிளறினாள். வாய்க்குப் பழக்கமான வினை ஒன்றுதான் இருந்தது. அதன் வாலில் இருந்த உன்னை என்பதைக் கழற்றிக் கீழே வைத்தாள். தன் பக்கம் வருகிற மே, என்னை என்பதை, எடுத்து முன்னால் போட்டாள். சரியோ தப்போ.

"ரோஷன். வெராகுருஸ்," என்றாள். பவுடர் அப்பிய விரல்களைத் தன் நெஞ்சில் வைத்தாள். "மே லஸ்திமா."

சொல்லி முடித்ததும் நாற்காலிக்குப் பின்னால் இருந்த மேடையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிட்டாள். கல்யாணப் பெண்ணிடம், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால், எந்த மாமியாராவது சொல்வாளா. பெண் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை, வருஷா வருஷம் வந்துவிடுவோம் என்று சொல்லவில்லை. எழுந்து வந்து கட்டிக்கொள்ளவும் இல்லை. சீ என்று தலையசைத்தாள், அவர்கள் பாஷையில் ஆமாம். ஆமாம், நோகும், எனக்குத் தெரியும் என்பது போல. அவளுக்கும் நாளைக்கு ஒரு தாய் வந்து இறங்குகிறாள் என்பது அப்போதுதான் பெர்னதெத்துக்கு நினைவு வந்தது. அந்தத் தாய்க்கு இவள் பக்கத்திலேயே இருப்பாள், கொடுத்துவைத்தவள். அந்த நினைப்பும் குத்தியது, ஆனால் குத்திய இடத்தில் விஷம் இல்லை. ஒரே ஒருத்திக்காவது தெரிந்துவிட்டது. இந்த வாரம் முழுக்க நெஞ்சுக்குள் கனத்துக் கிடந்த பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது, ஆனால் இரண்டு பேர் பார்க்கிற வெளிச்சத்துக்கு வந்திருந்தது. இனி அடுப்படியில் வேகமாகப் பேச வேண்டிய தேவை இராது என்று அவளுக்குத் தோன்றியது. ஏனென்று யோசிக்கவில்லை.

வலது புருவம் பாதியில் நின்றது. பாதிப் புருவத்தோடு யாரும் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது. நூலை எடுத்து உதறினாள், கடித்தாள், முறுக்கினாள். பெண் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி, சொல்லாமலே விரலை வைத்துத் தோலை இழுத்துப் பிடித்தாள். பெர்னதெத் குனிந்தாள். புருவம் தெரியவில்லை. கறுப்பாக ஏதோ தண்ணீருக்கு அடியில் கிடந்தது, அவ்வளவுதான். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டிலும் நூல். பொறு என்று சொல்ல வாயும் இல்லை. இப்போது இழுத்தால் எங்கே போய் விழும் என்று தெரியாது. அவள் அசையாமல், கண் தெளியட்டும் என்று அப்படியே நின்றாள். பெண்ணும் ஏன் என்று கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கவும் இல்லை. நேரமாகிக்கொண்டே போனது, விரல் வலித்திருக்கும், பிடித்த பிடியை விடாமல் காத்திருந்தாள்.